சறுக்கல் விளக்கு

மார்க்கண்டர் தன் வாழ்நாளில் ஒரு காரைக்கூடச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. ஊர்காவற்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் அரசாங்கத்துச் சி.ரி.பி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பண்ணைப் பாலத்தில் காற்று பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஸ்ரியறிங்கை எவ்வளவு கொடுத்துப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய தோளுக்குத் தெரியும். கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் இந்த மாரி முழுவதும் சரவணையில் தன் வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து, வெள்ளைக்காரர் உறைந்த ஏரிகளிலும் நனைந்த ஓடுபாதைகளிலும் வேகக் கார்களை ஓட்டிப் பரீட்சித்துக் காட்டுகிற வீடியோக்களைப் போனில் பார்த்தபடியே இருந்தார். அவர்கள் பேசுகிற இங்கிலீசு விளங்காது. பேச்சு அவருக்குத் தேவைப்படவுமில்லை. றைவருக்கு முன்னாலுள்ள முகப்பில் விட்டுவிட்டு எரிகிற மஞ்சள் விளக்கை மட்டும் பார்ப்பார். ஒரு சின்னக் காரின் படம், அதன் கீழே நெளிந்து போகிற இரண்டு கோடுகள். அதுதான் விளக்கு.

பார்த்துப் பார்த்து ஒரு விசயத்தைப் பிடித்திருந்தார். சில்லு சறுக்கத் தொடங்கினால் எஞ்சினின் இழுவையைக் குறைத்து, அதுவும் போதாவிட்டால் அந்தச் சில்லுக்கு மட்டும் பிறேக் பிடித்து, காரை நேராக வைத்திருக்கிற ஒரு சாமான் இந்தக் கார்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ட்ரக்சன் கொன்றோல் என்று பெயர். ஆனால் எல்லாக் காரிலும் அதற்கு ஒரே குணம் இல்லை. கொண்டக்டர்மாரை வைத்துத்தான் அவர் அதை விளங்கிக்கொண்டார். சில கொண்டக்டர்மார், மிதிபலகையில் ஒருவருடைய கால் தடுமாறினாலே மணியை அடித்து பஸ்ஸை நிற்பாட்டிவிடுவார்கள். சிலர், ஆள் சமாளிக்கிறானா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, இனி ஏலாது என்ற கட்டத்தில்தான் மணிக் கயிற்றில் கை வைப்பார்கள். வேறு சிலர் இருக்கிறார்கள்: றைவர் ஒருமுறை ‘பேசாமல் இரு’ என்று சொல்லிவிட்டால், ஆள் விழுந்தாலும் கடைசி நிறுத்தம்வரை வாய் திறக்கமாட்டார்கள். கார்களும் அப்படித்தான்.

சந்தியில் கடை வைத்திருக்கும் தயாபரன் சாமான் கொண்டுவந்த நேரமும் போன் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன மார்க்கண்டண்ணை, கார் எடுக்கிற யோசினையோ? சொன்னியள் எண்டா நானும் ஒரு பங்கு போடுறன். கடைக்கு வெங்காயம் ஏத்த உதவும்.”

“உதுக்குள்ளை வெங்காயம் ஏத்தேலாது. பின் சீற்றிலை ஒரு கோழி இருக்கவும் இடமில்லை.”

“அப்ப ஏன் விடியவும் பொழுதுபடவும் உதைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்?”

“இஞ்சை பார். இந்தச் சிவப்பு இருக்கெல்லே, இது சில்லுச் சறுக்க முந்தியே பிடிச்சுப்போடும். கறுப்பு அப்பிடியில்லை, கொஞ்சம் ஆட விட்டுத்தான் பிடிக்குது. உந்த வளைவிலை வடிவாப் பார்.”

தயாபரன் பார்த்தான். அவனுக்கு இரண்டு காரும் ஒரே மாதிரித்தான் போயின. இன்னொரு பகிடி விட வாய் உன்னியவன், எதையோ நினைத்துக்கொண்டு, பயறும் சீனியும் கட்டிய பையைக் கதவடியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அது வருசம் திரும்புகிற ஆட்டைத் திவசத்துக்கான சாமான்.

மார்க்கண்டரின் ஒரே மகன் சுலக்சன், போன வருசம் தை மாதம், கனடாவில் விடியப்புறம் வேலைக்குப் போகிற வழியில் செத்துப்போனான். உறைந்த றோட்டில் கார் சறுக்கிப் பாலத்துத் தூணில் மோதிற்று. செத்தவீட்டுச் சடங்கைத் தாயும் தகப்பனும் போனில் பார்த்தார்கள். கொஞ்ச நாளில், அங்கே சுலக்சனோடு ஒரே வீட்டில் இருந்த நிசாந்தன், மார்க்கண்டரின் தங்கச்சியுடைய மகன், போன் எடுத்தான்.

“மாமா, பொலிஸ் காரைச் சோதிச்சுப் பாத்தவங்களாம். ட்ரக்சன் கொன்றோல் எண்டு ஒரு சாமான் இருக்கு, சறுக்கினாப் பிடிக்கிறது. அது அமத்தி நிப்பாட்டிக் கிடந்ததாம்.”

மனைவி கமலாதேவி கையில் கோப்பையோடு பக்கத்தில் நின்றாள்.

“அது தன்ர பாட்டிலை நிண்டதோ?” என்று கேட்டாள்.

“தன்ர பாட்டிலை நிக்காது மாமி. கார் ஸ்ராட் பண்ணேக்கை தானா வந்திடும். ஆள்தான் அமத்தவேணும்.”

அவன் ஒளிவு மறைவில்லாமல், தெரிந்ததைச் சொன்னான். அந்த வீட்டில் அந்தச் சொல் எங்கே போய் விழும் என்று அவனுக்குத் தெரியாது. மகன் சாவதற்கு இரண்டு நாள் முந்தித்தான் கமலாதேவி அவனோடு போனில் சண்டை பிடித்திருந்தாள். கூட வேலை செய்கிற கயானாக்காரப் பிள்ளை ஒன்றைக் கட்டப்போவதாக அவன் சொல்ல, ‘அவளைக் கட்டினாயெண்டா என்ர செத்தவீட்டுக்கும் நீ வரத் தேவையில்லை’ என்றாள். ‘சரி அம்மா, வைக்கிறன்’ என்றான். அவ்வளவுதான் அவர்கள் கடைசியாகக் கதைத்தது.

அன்று இரவு கமலாதேவி மார்க்கண்டரிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாள். “அவன் வேணுமெண்டுதான் அமத்திப்போட்டுப் போனவன்.” அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் கதைத்ததில்லை. சமைப்பாள், கூட்டுவாள், ஆட்டுக்குக் குழை போடுவாள். கேட்டதற்கு மறுமொழி வரும். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் மார்க்கண்டருக்கு, எல்லாரும் இறங்கிப்போன பஸ்ஸைத் தனியே டிப்போவுக்குக் கொண்டுபோவதுபோலத்தான் நாட்கள் போயின. காருக்கு என்ன நடந்தது என்று ஒருக்கால் சரியாகத் தெரிந்துவிட்டால் அவளிடம் சொல்லலாம் என்று நினைத்துத்தான் அவர் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார்.

திவசம் கிட்டக் கிட்ட வந்தது. நிசாந்தன், அங்கே தகனம் செய்தபோது எடுத்து வைத்திருந்த சாம்பலில் ஒரு பங்கைக் கொண்டு வருகிறான் என்று செய்தி வந்தது. அதை ஊர்க் கடலில் கரைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, செத்தவனுக்குப் பிடித்த சாப்பாடு எல்லாம் சமைத்துத் தலைவாழையிலையில் படைக்க வேண்டும். அன்று பின்னேரம் கமலாதேவி அடுத்த வீட்டு றஞ்சனியைக் கூப்பிட்டு விட்டாள்.

“படையலுக்கு நீ சமைச்சுத் தா, பிள்ளை.”

“ஏன் மாமி, நான் கூடமாட நிக்கிறன். நீங்கள் சமைக்க நான் வெட்டித் தாறன்.”

“இல்லை. முழுக்க நீதான். நான் அடுப்படிக்கு வரமாட்டன்.”

“பெத்த தாய் இருக்கேக்கை நான் சமைச்சாச் சனம் என்ன சொல்லும்?”

“சனம் சொன்னாச் சொல்லட்டும். என்ர கையாலை சமைச்சா அவன் தின்னமாட்டான்.”

றஞ்சனி விறாந்தைப் பக்கம் திரும்பி மார்க்கண்டரைப் பார்த்தாள். அவர் போனை நிற்பாட்டினார்.

நிசாந்தன் வந்து இறங்கிய கோலத்தைப் பார்த்து ஒழுங்கைச் சனமெல்லாம் வெளியில் வந்துவிட்டது. தை மாதம், ஊரெல்லாம் கலியாணம். யாழ்ப்பாணத்தில் வாடகைக்குக் கார் ஒன்றுமே அகப்படாமல், பொம்பிளை மாப்பிளையை ஏற்றுவதற்கென்று வைத்திருந்த இரண்டு கதவு வெள்ளைக் காரைக் கொடுத்திருந்தார்கள். நிலத்தோடு தேய்ந்துகொண்டு வருகிற வேகக் கார். முன் மூடியில் பூ ஒட்டிய பசை இன்னும் கிடந்தது.

“மாப்பிளை வந்திட்டார், பொம்பிளை எங்கை?” என்று தயாபரன் கடைவாசலில் நின்று கத்தினான்.

“அண்ணை, வாற வழியிலை ரெண்டு பேர் மறிச்சுப் படம் எடுத்தவங்கள். ஒரு கிழவி திருநூறும் பூசிவிட்டது,” என்றான் நிசாந்தன்.

திவசக் கிழமை என்பதால் வீட்டில் மீன், மச்சம் இல்லை. பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. கமலாதேவி அவனுக்குப் பக்கத்தில் நின்று பரிமாறினாள்.

“வடிவாச் சாப்பிடு. மெலிஞ்சுபோனாய்.”

“அங்கை பிட்டு அவிக்க ஆர் மாமி இருக்கினம்?”

“கொம்மா சமைக்கிறேல்லையே?”

“அம்மா வேறை ஊரிலை. நானும் சுலக்சனும்...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

“இன்னும் ஒரு கரண்டி கறி விடட்டே?” என்றாள் கமலாதேவி. சுலக்சன் என்ற பெயரை அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவன் கொண்டுவந்த சின்னச் செம்பு சாமியறையில் சிவப்புத் துணியால் சுற்றிக் கிடந்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த நாள் காலையில் மார்க்கண்டரும் நிசாந்தனும் கடற்கரைப் பாதையைப் பார்க்கப் போனார்கள். சாம்பல் கரைக்கிற கிரியைக்கு வரவேண்டிய ஐயருக்கு முழங்காலில் ஒப்பறேசன் செய்திருந்தது. மோட்டார்சைக்கிளில் ஏறமாட்டார், மணலில் நடக்கவும் ஏலாது. கார் கரைவரைக்கும் போகுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முந்தின நாள் பெய்த மழையில் றோட்டு ஈரமாயிருந்தது. வெளியான இடத்துக்கு வந்ததும் மார்க்கண்டர் கேட்டார்.

“அந்த விளக்கு இதிலை எங்கை?”

“எந்த விளக்கு மாமா?”

“சறுக்கல் விளக்கு.”

நிசாந்தன் ஒருதரம் அவரைப் பார்த்தான். பிறகு காரை நிற்பாட்டி, ஓரத்துச் சேற்றில் பின் சில்லு ஒன்றை இறக்கி, அக்சிலேற்றரை அமத்தினான். பின்பக்கம் ஒரு சாண் விலகிற்று. மஞ்சள் விளக்கு படபடவென்று வெட்டியது. அவன் காலை எடுக்கவில்லை. என்றாலும் எஞ்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல அடங்கியது. கார் நேரானது.

“இது கொஞ்சம் ஆட விட்டுத்தான் பிடிக்குது, என்ன?” என்றார் மார்க்கண்டர்.

“உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?”

“பாக்கிறனான். அவன்ர எப்பிடி?”

நிசாந்தன் காரைத் திரும்ப றோட்டில் ஏற்றினான். “அவன்ர வேறை மாதிரி மாமா. சறுக்க முந்தியே பிடிக்கும். நாங்கள் பகிடி பண்ணுவம், உன்ர கார் வாத்தியார் மாதிரியடா எண்டு. ஆனா ஒண்டு. இந்தக் காரிலை அமத்தினாலும் அறுபதுக்கு மேலை போகத் தானாத் திரும்ப வரும். அவன்ர வராது. அமத்தினா அமத்தினதுதான், எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப எடுக்குமட்டும்.”

றைவர் சொன்னால் வாய் திறக்காத கொண்டக்டர், என்று மார்க்கண்டர் நினைத்தார்.

“கை தவறிப் பட்டு அமருமோ?”

“இல்லை மாமா. பட்டனைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடிச்சுக்கொண்டு இருக்கவேணும்.”

“அவன் அமத்திப்போட்டு ஓடுறவனோ? விளையாட்டுக்கு?”

“சுலக்சனோ? அவன் மழைக்கே பயந்து பயந்து ஓடுவான். வடிவுக்குத்தானே அந்தக் காரை வாங்கினவன்.”

அந்த மறுமொழி மார்க்கண்டருக்கு உதவவில்லை. விளையாட்டாக அமத்தினான் என்றிருந்தால்கூட அதைக் கொண்டுபோய்க் கமலாதேவியிடம் சொல்லலாம். பயந்து ஓடுகிறவன் ஏன் அமத்தினான்? வெளியே பார்த்தார். உவர் வெளியில் தண்ணீர் நின்றது. கொக்குகள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

கரைக்குக் கிட்டப் பாதை மணலாக மாறியது. மேலே ஊரிச் சிப்பி, கீழே ஊறிய மணல். பஸ்ஸாக இருந்திருந்தால் அவர் அங்கேயே நிற்பாட்டியிருப்பார். ஐயரின் முழங்காலை நினைத்து, “இன்னும் கொஞ்சம் விட்டுப் பாப்பம்,” என்றார். கொஞ்சம் விட்டார்கள். பின் சில்லுகள் அப்படியே இறங்கிவிட்டன.

நிசாந்தன் முன்னுக்கு எடுத்துப் பார்த்தான், பின்னுக்கு எடுத்துப் பார்த்தான். விளக்கு வெட்டியது, எஞ்சின் அடங்கியது. திரும்ப அமத்தினான், திரும்ப அடங்கியது. மார்க்கண்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பனங்கூடலுக்குள் போய்க் காவோலை நாலைந்தை இழுத்து வந்தார். சில்லுக்கு முன்னால் மணலைக் கையால் தோண்டி ஓலையைச் செருகினார். பஸ் புதைந்த காலத்தில் செய்கிற வேலை.

“எடு!”

எடுத்தான். சில்லு ஓலையில் ஒருதரம் உரசியதும் விளக்கு வெட்டி, இழுவை நின்றுபோயிற்று.

“என்னடா, ஓலையிலை ஏறப்போகேக்கை அடக்கிறாய்?”

“நான் அடக்கேல்லை மாமா, அதுதான் அடக்குது. சில்லுச் சுத்தினால்தானே ஏறலாம், அது சுத்த விடுகுதில்லை. பொறுங்கோ.”

அவன் குனிந்து ஒரு பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் விளக்கு வெட்டுவதை விட்டுவிட்டு நிலையாக எரியத் தொடங்கியது. “இப்ப தள்ளுங்கோ!” சில்லு இரண்டும் ஊளையிட்டுக்கொண்டு சுழன்றன. சேறும் சாதாளைப் பாசியும் மார்க்கண்டரின் மார்புவரை அடித்தன. காவோலை நொறுங்குகிற சத்தம் கேட்டது. கார் ஒரு உன்னு உன்னி மேலே ஏறி, கெட்டி நிலத்துக்குப் போய் நின்றது.

நிசாந்தன் சிரித்தான். வந்த பிறகு முதல் தரமாகச் சிரித்தான். “மாமா, உங்களைக் கண்டா மாமி படலைக்குள்ளை விடமாட்டா.”

மார்க்கண்டரும் சிரித்தபடிதான் ஏறி உட்கார்ந்தார். ஐயரைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவதுதான் ஒரே வழி என்றான் நிசாந்தன். யார் யார் தூக்குவது, ஐயர் தொந்திக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். றோட்டில் ஆடுகள். மெல்லத்தான் வர முடிந்தது. சந்திக்குக் கிட்ட வந்தபோதுதான் மார்க்கண்டரின் கண் முகப்பில் விழுந்தது.

“விளக்கு எரியுது.”

“அட, மறந்துபோனன். திரும்பப் போடவேணும்.” நிசாந்தன் கையை நீட்டினான். நீட்டிய கை பட்டனுக்குப் போகாமல் பாதியில் நின்றது.

காரை ஓரத்தில் விட்டான். இருவரும் முன்னாலிருந்த றோட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். ஓர் ஆடு காரின் மூடியில் இருந்த பசையை நக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

“நிசாந்தன், அங்கை பனியிலை புதைஞ்சாலும் இப்பிடித்தானோ?”

“ஓம் மாமா.” அவன் அவர் பக்கம் திரும்பினான். “ஸ்னோவிலை இறுகினா இதை அமத்தித்தான் எடுக்கிறது. அமத்தாட்டி வெளிக்கிடேலாது. அவன்ரயைப் போலக் காருக்கு வேறை வழியே இல்லை.”

“எடுத்தாப் பிறகு?”

“திரும்பப் போடவேணும். இல்லாட்டி எஞ்சினை நிப்பாட்டி எடுக்கவேணும். வேலைக்குப் பிந்தினா... ஆரும் மறப்பாங்கள்.”

“இதை ஏனடா நீ ஒரு வருசமாச் சொல்லேல்லை?”

“எனக்கும் இப்பதான் மாமா ஓடுது! எல்லாரும் வேகம், வேகம் எண்டுதான் கதைச்சாங்கள். வேகக் கார், பெடியன், பட்டனை அமத்திக் கிடக்கு. பொலிஸ் சொன்னதும் அதுதான். நானும் அப்பிடியே நம்பிப்போட்டன்.”

“அண்டைக்கு ஸ்னோவோ?”

“முதல் நாள் இரவு முழுக்க.”

“அவன்ர கார் நிண்ட இடத்திலை சில்லு தோண்டின கிடங்கு கண்டனியோ?”

நிசாந்தன் நெற்றியைத் தடவினான். “எனக்கு இரவு வேலை மாமா. நித்திரை மயக்கத்திலை வந்து படுத்தனான். எழும்பேக்கை செய்தி வந்திட்டுது. பிறகு ஸ்னோ வழிக்கிற வாகனம் வந்து எல்லாத்தையும் வழிச்சுப்போட்டுது. கண்டனான் எண்டு சொல்லேலாது. இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்,” என்றார் மார்க்கண்டர்.

வீட்டுக்கு வந்தபோது றஞ்சனி குசினிக்குள் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். கமலாதேவி கிணற்றடியில் இருந்தாள். சேறு காயாத கோலத்தில் மார்க்கண்டர் நேரே அங்கே போனார். நிசாந்தன் இரண்டு அடி பின்னால் நின்றான்.

“இஞ்சேரும். ஒரு கதை சொல்லவேணும். இரும்.”

“குளிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. உதென்ன கோலம்?”

“காரைப் புதைச்சுப்போட்டம். மணலுக்குள்ளை. அந்தச் சறுக்கல் பிடிக்கிற சாமான் சில்லைச் சுத்த விடாது. அதை அமத்தினாத்தான் கார் வெளியாலை வரும். அமத்தித்தான் எடுத்தனாங்கள். எடுத்துப்போட்டு, இவன் திரும்பப் போட மறந்துபோய்ச் சந்திமட்டும் வந்திட்டான்.”

கமலாதேவி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

“பனியிலையும் அப்பிடித்தான்,” என்றார் மார்க்கண்டர். “அண்டைக்கு அங்கை இரவு முழுக்கப் பனி. பிள்ளையின்ர கார் புதைஞ்சு போச்சுது. வேலைக்குப் போகவேணுமெல்லே? அமத்திப்போட்டு எடுத்தவன். திரும்பப் போட மறந்துபோனான். அவ்வளவுதான் நடந்தது.”

நிசாந்தன் வாயைத் திறந்தான். மார்க்கண்டர் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கமலாதேவி நிசாந்தனைப் பார்த்துக் கேட்டாள். “எவ்வளவுக்குப் பனி?”

“முழங்கால்மட்டும் மாமி.”

“நீ வேலையிலை. அப்ப ஆர் தள்ளினது?”

“ஒருத்தரும் இல்லை மாமி. அந்த நேரம் றோட்டிலை ஆக்கள் இருக்காதினம்.”

“தனியவோ?” என்றாள். “தனியத்தானோ தெண்டிச்சுத் தள்ளினவன்?”

அவள் கிணற்றுக் கட்டில் கை ஊன்றினாள்.

“விடியப்புறம்... தேத்தண்ணிகூடக் குடிச்சிருக்கமாட்டான். அந்தக் குளிருக்குள்ளை முழங்காலளவு பனியைக் கிண்டி, தெண்டிச்சு, வேலைக்குப் பிந்தக்கூடாதெண்டு...” அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். ஒரு வருசமாக அந்த வீட்டில் கேட்காத அழுகை அது. தன்னை நினைத்து அழுகிற அழுகை இல்லை. பிள்ளைக்குக் குளிருமே என்று அழுகிற அழுகை. றஞ்சனி வறுத்த பயற்றை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தாள். மார்க்கண்டர் அவளைக் கையால் மறித்து, “விடு பிள்ளை,” என்றார்.

அழுது முடிந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கமலாதேவி குசினிப் பக்கம் போனாள். உள்ளே அவளுடைய குரல் கேட்டது.

“பயத்தம் பணியாரத்துக்குத் தேங்காய்ப்பூ உப்பிடித் திருவிறதில்லை. அவன் சிரட்டைத் தும்பு பட்டாலே துப்பிப்போடுவான். தள்ளு, திருவலையை இஞ்சாலை விடு.”

நிசாந்தன் முற்றத்தில் மார்க்கண்டருக்குக் கிட்ட வந்து, மெல்லிய குரலில், “மாமா, நான் கிடங்கு ஒண்டும் காணேல்லை எண்டு...” என்றான்.

“நீ போய்க் குளி. காரை நான் கழுவுறன்.”

அவன் போனபிறகு மார்க்கண்டர் ஒரு வாளி தண்ணீரும் தேங்காய்ப் பொச்சும் எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனார். கடற்சேறு இரும்பைத் தின்னும், வாடகைக் கார். ஒவ்வொரு சில்லாகக் குந்தியிருந்து, ரயரின் வெட்டுகளுக்குள் விரலை விட்டு மணலையும் சாதாளையையும் நொறுங்கிய காவோலையையும் தோண்டி எடுத்தார். குசினிக்குள் தேங்காய் திருவுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசிச் சில்லில் இருந்தபோது அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

அவர் நனைந்த பொச்சைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். பேச்சுக் குரலும் இல்லை. ஒழுங்கையில் சைக்கிளில் போன யாரோ ‘அண்ணை’ என்று கூப்பிட்டதற்கும் அவர் திரும்பவில்லை. உள்ளே ஒரு தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திருவலை மறுபடியும் தொடங்கிற்று. மார்க்கண்டர் வாளியைச் சரித்து, சில்லடியில் கிடந்த சேற்றைக் கழுவிவிட்டார்.